எழும்பூர் லாட்ஜும் இருபத்து நான்கு மணி நேரக் கணக்கும்

தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வரும் இரவு ரயில்களில் பெரும்பாலானவை விடியற்காலை நான்கு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில்தான் எழும்பூரை அடைகின்றன. இரவு முழுவதும் மிடில் பெர்த்தில் புரண்டு படுத்துவிட்டு இறங்குகிறவருக்கு அந்நேரத்தில் வேண்டியதெல்லாம் ஒரு சுத்தமான கழிப்பறை, இரண்டு வாளித் தண்ணீர், முடிந்தால் அரை மணி நேரம் முதுகைச் சாய்க்க ஒரு கட்டில். பத்து மணிக்குள் ஒரு அரசு அலுவலகத்திலோ, மருத்துவமனையிலோ, நேர்முகத் தேர்விலோ போய் நிற்க வேண்டியவரிடம் 'செக் இன் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான்' என்று சொல்லும் விடுதி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அவருக்கு உபயோகமில்லாதது. புத்தக வியாபாரம் தொடர்பாகக் கோவில்பட்டியிலிருந்து அடிக்கடி சென்னைக்கு வந்து போகிறவன் என்ற முறையில், எழும்பூரின் பழைய லாட்ஜுகளை இன்னமும் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு முதல் காரணம் இந்த நேரக் கணக்குதான். அங்கே வாடகை என்பது சாவியை வாங்கிய நிமிடத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்கு.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. காலை ஐந்தே முக்காலுக்கு அறை எடுத்து, அன்று இரவு ரயிலிலேயே ஊர் திரும்புகிறவருக்கு ஒரு நாள் வாடகையோடு வேலை முடிந்துவிடும். அதே ஆள் இரவு தங்கிவிட்டால், மறுநாள் ஐந்தே முக்காலுக்கு அறையைக் காலி செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் அரை நாள் வாடகை ஏறும். முந்தைய நாள் இரவே மேனேஜரிடம், "அண்ணாச்சி, காலையில எட்டு மணிக்குக் காலி பண்ணிருதேன்" என்று ஒரு வார்த்தை போட்டு வைத்தால் பெரும்பாலும் தலையை ஆட்டிவிடுவார். சொல்லாமல் தூங்கிவிட்டு எட்டரைக்கு இறங்கி வந்தால் அதே மனிதர் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டுவார். பகல் பன்னிரண்டு மணிக் கணக்கு வைத்திருக்கும் விடுதிகளிலோ, விடியற்காலை வருகிறவர் ஆறு மணி நேரத்துக்காக முந்தைய நாளின் வாடகையையும் கொடுக்க வேண்டும், அல்லது வரவேற்பறை சோபாவில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே தொலைபேசியில் விசாரிக்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்பே 'இருபத்து நாலு மணி நேரமா, பன்னிரண்டு மணியா?' என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்த லாட்ஜுகள் எழும்பூரில் குவிந்ததற்குக் காரணம் தண்டவாளம். 1908-இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையம், தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதைகளுக்குத் தலைவாசல். சென்ட்ரலோ அகலப்பாதையில் ஓடிய மதராஸ் ரயில்வேயின் நிலையம். தஞ்சாவூர், திருச்சி, மதுரை, திருநெல்வேலி ஆகிய பக்கங்களிலிருந்து வந்தவர்கள் எழும்பூரில் இறங்கினார்கள். கோயம்புத்தூர், சேலம் பக்கத்து ஆட்கள் சென்ட்ரலில் இறங்கிப் பெரியமேட்டிலும் வால்டாக்ஸ் சாலையிலும் தங்கினார்கள். மீட்டர் கேஜ் போய்விட்ட பிறகும் இந்தப் பிரிவினை பெரும்பாலும் அப்படியே நீடிக்கிறது. நிலையத்தின் முன்வாசலில் நின்றால் எதிரே காந்தி இர்வின் சாலை, அதைக் கடந்தால் கென்னட் லேன். அந்த ஒரு சந்தில் மட்டும் தெற்கத்திப் பேச்சு எத்தனை விதமாகக் கேட்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது.

லாட்ஜுக்காரர்களின் நல்ல காலம் எப்போது முடியத் தொடங்கியது என்று கேட்டால், பழைய மேனேஜர்கள் கொரோனாவைச் சொல்வதற்கு முன்பே 2004-ஐச் சொல்கிறார்கள். அந்த ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அதுவரை நிலத் தகராறு, ஜாமீன் மனு, பணி நியமன வழக்கு என எதுவானாலும் தூத்துக்குடிக்காரரும் நாகர்கோவில்காரரும் கட்டுக்கட்டாகக் காகிதங்களைச் சுமந்துகொண்டு சென்னைக்கு வந்து, வாய்தா தள்ளிப்போனால் இன்னும் இரண்டு நாள் தங்கி, கடைசியில் கைக்காசு தீர்ந்து ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய அலைச்சல் மிச்சமானது நியாயமான காரியம். அந்த அலைச்சலில் பிழைத்த லாட்ஜுகளுக்கு அது இழப்பாகிவிட்டதும் உண்மை.

அறை எடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன். நிலையத்தை விட்டு வெளியே வரும்போதே, "சார், ரூம் வேணுமா? ஏ.சி., நான் ஏ.சி. எல்லாம் இருக்கு" என்று ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்கள் அழைத்துப் போகும் இடத்தில் அவர்களுக்கான கமிஷன் உங்கள் வாடகையில்தான் சேரும் என்பதால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போவது நல்லது. கென்னட் லேனுக்கு ஆட்டோ ஏறுகிற தூரமும் இல்லை. ரிசப்ஷனில் வாடகையைக் கேட்ட பிறகு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், "ரூமைப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று சொல்ல வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்கிறவர் இதற்கு முகம் சுளிப்பதில்லை; ரூம் பாயைக் கூப்பிட்டு இரண்டு சாவிகளைக் கொடுத்தனுப்புவார். காட்டத் தயங்குகிற இடத்தில் நான் தங்குவதில்லை.

அறைக்குள் நுழைந்ததும் ரூம் பாய் முதலில் டிவியைப் போட்டுக் காட்டுவார். அது ஓடட்டும், நாம் பார்க்க வேண்டியது கட்டிலை. தலைமாட்டுப் பக்கம் மெத்தையின் ஒரு முனையைத் தூக்கி, கைப்பேசி டார்ச்சை அடித்து, தையல் ஓரத்தை விரலால் விரித்துப் பார்க்க வேண்டும். மூட்டைப்பூச்சி பகலில் அந்த மடிப்பில்தான் ஒளிந்திருக்கும். பூச்சி கண்ணில் படாவிட்டாலும், பேனா மை சொட்டியதுபோல் கறுப்பும் பழுப்புமாகச் சிறு புள்ளிகள் வரிசையாக இருந்தால் அதுவே போதிய சாட்சி. சுவரோடு சேர்த்து அறையப்பட்ட பிளைவுட் தலைப்பலகையின் இடுக்கையும் அப்படியே பார்த்துவிட வேண்டும். இதைச் செய்யும்போது ஒருமுறை ஒரு ரூம் பாய், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "சார், இது வேண்டாம், மூணாவது மாடியில ஒண்ணு இருக்கு, போன வாரம்தான் மருந்து அடிச்சது" என்றான். அந்த மூன்றாவது மாடி அறையில் பினாயில் வாடையோடும் நாப்தலின் உருண்டை வாடையோடும் நிம்மதியாகத் தூங்கினேன். கிளம்பும்போது அவன் கையில் கொடுத்த பணம், நான் செலவழித்ததில் மிகவும் நியாயமான செலவு.

அடுத்தது குளியலறை. குழாயைத் திறந்தால் முதலில் செந்நிறமாகக் கொஞ்சம் வரும், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இரண்டு நிமிடம் விட்டும் தெளியாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். ஃபிளஷ் வேலை செய்கிறதா, வாளியில் விரிசல் இருக்கிறதா, வெந்நீர் கீஸரிலா அல்லது 'காலை 5 முதல் 8 வரை' என்று மொட்டை மாடியிலிருந்து வருவதா என்று பார்த்துவிட்டு, கதவுக்கு வர வேண்டும். உள்தாழ்ப்பாள் முழுதாகக் கொண்டியில் போய் விழ வேண்டும். பழைய லாட்ஜுகள் சிலவற்றில் வெளிப்பக்கம் நாதாங்கியும் திண்டுக்கல் பூட்டும் இன்னும் இருக்கின்றன. மற்றவர்கள் அதைக் கண்டு சிரிக்கலாம், ஆனால் நம் சொந்தப் பூட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போகலாம் என்பதால் எனக்கு அந்த ஏற்பாடு பிடித்தமானது.

கடைசியாக, பலரும் பார்க்காத மாடிப்படி. டெல்லி கரோல் பாக்கில் 2019 பிப்ரவரியில் ஒரு விடுதி விடியற்காலையில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். கொல்கத்தாவின் படாபஜார் பகுதியில் 2025 ஏப்ரலில் இன்னொரு விடுதி எரிந்து பதினான்கு பேர் வரை மாண்டார்கள். இரண்டு இடங்களிலும் புகையில் சிக்கியவர்கள் வெளியேற வழியில்லாமல்தான் தவித்தார்கள். நடு ஊரில் இருக்கும் மலிவு விடுதி என்றால் குறுகலான மனையில் நான்கைந்து மாடி, ஒரே படிக்கட்டு, அந்தப் படிக்கட்டின் திருப்பத்திலேயே பழைய மெத்தைகளும் உடைந்த நாற்காலிகளும் என்பது எல்லா ஊர்களிலும் ஒன்றுபோல்தான் இருக்கிறது. அதனால் முதல் மாடியோ இரண்டாம் மாடியோ கிடைத்தால் தெருச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு அதையே எடுக்கிறேன். ஜன்னல் என்ற பெயரில் காற்றோட்டக் குழிக்குள் திறக்கும் ஓட்டையை மட்டும் வைத்திருக்கும் அறையை, ஐம்பது ரூபாய் குறைத்துத் தந்தாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

பிறகு ரெஜிஸ்டர். பெயர், தகப்பனார் பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், வந்த காரியம் என்ன என்று நீண்ட கட்டங்கள். அடையாளச் சான்று கேட்பது சரியான நடைமுறை, கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆதாரின் முழு நகலை எங்கோ ஒரு மேசை இழுப்பறையில் விட்டுவிட்டு வருவதில்தான் எனக்கு மனம் ஒப்புவதில்லை. விடுதிகள் போன்றவை ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே மாதத்தில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டதும், இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதாரைத் தரவிறக்கி வைத்துக்கொள்ள முடியும். நான் ஓட்டுநர் உரிமத்தின் நகலைக் கொடுத்துவிடுகிறேன், இதுவரை யாரும் மறுத்ததில்லை.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் தங்கினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அவர்களுடைய விவரங்களை விடுதிக்காரர் இணையத்தில் அரசுக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அந்தத் தொந்தரவே வேண்டாம் என்று சிறு லாட்ஜுகள் கையை விரித்துவிடுகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பர் ஒருவருக்கு அறை தேடியபோது, தமிழிலேயே பேசி, தமிழிலேயே மறுக்கப்பட்டு, மூன்று படிகள் ஏறி இறங்கிய பிறகுதான் இடம் கிடைத்தது. முதலிலேயே 'பாஸ்போர்ட் ஆளுக்கு ரூம் கொடுப்பீங்களா?' என்று கேட்டுவிடுவது அலைச்சலைக் குறைக்கும்.

தனியாக வரும் பெண்களுக்கு அறை இல்லை என்று சொல்லும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பது இந்தத் தொழிலின் பெரிய வெட்கக்கேடு. தேர்வெழுத வந்த என் சகோதரி மகளிடம், அறைகள் காலியாக இருக்கும்போதே, "ஃபேமிலியா வந்தா தரலாம்மா" என்று ஒரு மேனேஜர் சொன்னார். அப்படி மறுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதைக்கூட எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்று, கோயம்புத்தூரில் சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதியின் வழக்கில் 2019-இலேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவள் கடைசியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லத்தில் தங்கினாள். வாடகை கூடுதல்தான், ஆனால் கேள்வி கேட்காமல் சாவியைக் கொடுத்தார்கள்.

வாடகையைப் பொறுத்தவரை, நான் பார்த்த அளவில் ஏ.சி. இல்லாத ஒற்றை அறை எழுநூறிலிருந்து ஆயிரம் வரையும், ஏ.சி. அறை ஆயிரத்து முந்நூறுக்கு மேலும் போகிறது. முகூர்த்த நாட்களையும் பெரிய அரசுத் தேர்வு நாட்களையும் ஒட்டி இது தாறுமாறாக ஏறும். வரியைப் பற்றி ஒரு குறிப்பு: நாள் வாடகை 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு முன்பு ஜி.எஸ்.டி. கிடையாது, 2022 ஜூலை 18 முதல் அவற்றுக்கும் 12 சதவீதம் வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு அது 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இன்னமும் பழைய 12 சதவீதத்தைப் போட்டுக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணே அச்சாகியிராத லாட்ஜ் வரி என்று எதையும் வாங்க முடியாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கைப்பேசிச் செயலிகளில் பதிவு செய்தால் மலிவாகக் கிடைக்குமே என்று இளையவர்கள் சொல்கிறார்கள். சில சமயம் கிடைக்கிறது. ஆனால் ஒரு செயலியில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு விடியற்காலையில் போய் நின்றபோது, "அந்தக் கம்பெனிக்காரன் எங்களுக்கு நாலு மாசமா பணம் தரல சார், அவன் புக்கிங்கை நாங்க எடுக்கிறதில்ல" என்று தூக்கக் கலக்கத்தில் ஒருவர் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். வாடிக்கையாளர் சேவை எண்ணில் எனக்குப் பதில் சொன்ன குரலுக்கு எழும்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூடத் தெரியவில்லை. பணம் பிறகு திரும்பி வந்தது, அந்தக் காலைப்பொழுது வரவில்லை. செயலியில் படத்தையும் விமர்சனங்களையும் பார்த்துவிட்டு, விடுதியின் எண்ணுக்கே நேரடியாகப் பேசி அறை சொல்லி வைப்பதுதான் இப்போது என் வழக்கம். செயலிக்குக் கொடுக்க வேண்டிய கமிஷன் மிச்சமாவதால், அதே வாடகைக்கு அவர்கள் சம்மதித்தும் விடுகிறார்கள்.

தண்ணீரைச் சொல்லாமல் சென்னை லாட்ஜைப் பற்றிப் பேச முடியாது. 2019 கோடையில் ஏரிகள் வற்றிக் கிடந்தபோது, உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின; திருவல்லிக்கேணி மேன்சன்களில் மாத வாடகைக்குத் தங்கியிருந்தவர்கள் வாளிக் கணக்கில் குளித்தார்கள். எழும்பூரில் நான் தங்கிய இடத்தில் காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும்தான் குழாயில் தண்ணீர் வரும் என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்கள். லாரித் தண்ணீருக்கு ஆகும் செலவை வாடகையில் ஏற்ற முடியாமலும், ஏற்றாமல் கட்டுப்படியாகாமலும் மேனேஜர் புலம்பியது நியாயமாகவே பட்டது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு இன்றும் மாறவில்லை; சோப்பு நுரைப்பதேயில்லை. குடிப்பதற்குக் கேன் தண்ணீர் மாடிக்கு ஒன்றாக வைத்திருப்பார்கள்.

மருத்துவத்துக்காகத் தங்குகிறவர்களின் உலகம் தனி. எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கும் குழந்தைகள் நல மருத்துவமனைக்கும் வருகிற நம்மூர்க் குடும்பங்களைக் கென்னட் லேனில் எப்போதும் பார்க்கலாம். கொஞ்சம் தள்ளி கிரீம்ஸ் சாலைப் பக்கம் போனால், அப்போலோ மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் லாட்ஜுகளின் பலகைகளே வங்காள எழுத்தில் இருக்கும். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குவதால், அங்கே அறையோடு அடுப்பும் பாத்திரங்களும் வாடகைக்குக் கிடைக்கின்றன. மாலையில் அந்தச் சந்துகளில் கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசனை அடிக்கும். நோயாளிக்குத் துணையாக வருகிறவர் ஒரு வாரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால், நாள் வாடகைக்கு எழும்பூரில் இருப்பதைவிட இப்படிச் சமையல் வசதியுள்ள அறையே சிக்கனம்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபின் கணக்கு மறுபடியும் மாறியிருக்கிறது. தெற்கிலிருந்து பேருந்தில் வருகிறவர் முன்புபோல் கோயம்பேட்டில் இறங்கி மெட்ரோ பிடித்து எழும்பூர் வருவதில்லை. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டருக்கு முன்பே இறக்கிவிடப்படுகிறார். அவருக்கு வேலை பழைய மாமல்லபுரம் சாலையிலோ சிறுசேரியிலோ இருந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரின் நடுவுக்கு வந்து திரும்புவது வீண். தாம்பரத்திலேயே தங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ரயிலில் வருகிறவருக்கும் அப்படியே. தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், அருங்காட்சியகம், புத்தகக் கடைகள் என்று நகரின் வடக்கிலும் நடுவிலும் வேலை உள்ளவர்களுக்குத்தான் எழும்பூர் இன்னும் தோதானது.

அறையே வேண்டாம், குளித்து உடை மாற்றினால் போதும் என்பவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. கென்னட் லேன் லாட்ஜுகள் சிலவற்றில் 'ஃப்ரெஷ் அப்' என்று கேட்டால் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த வாடகையில் அறையைத் திறந்துவிடுவார்கள். அறைகள் நிரம்பியிருக்கும் நாளில் இது நடக்காது. இன்னொன்று, ரயில் நிலையத்தின் ஓய்வறை. உறுதியான பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், வாடகையும் குறைவு. எழும்பூர் நிலையத்தில் சீரமைப்புப் பணிகள் நடந்துகொண்டிருப்பதால், அங்கே இடம் கிடைக்கிறதா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே தளத்தில் பார்த்துவிடுவது அவசியம். காலையில் அறையைக் காலி செய்துவிட்டு இரவு ரயில் ஏறுகிறவர்களின் பையை ரிசப்ஷன் மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளப் பெரும்பாலான மேனேஜர்கள் காசு கேட்பதில்லை. மடிக்கணினியையும் பணத்தையும் மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு, பையின் மேல் பெயரும் அறை எண்ணும் எழுதிய ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனால், இரவு ஷிப்ட் மாறிய பிறகு வந்து கேட்டாலும் சிக்கல் இருக்காது.